கோதண்டராமன் அழித்த கிலோமீட்டர்

கோதண்டராமனுக்குப் பேய் பயம் கிடையாது, பாம்பு பயம் கிடையாது. அவருடைய பயமெல்லாம் எண்கள் மேல்தான். முப்பத்தோரு வருடம் ஓர் அரசு அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் பதிவேடுகளைக் கட்டிக் காத்துவிட்டு, வேங்கிக்காலில் வீடு கட்டி உட்கார்ந்தவர். பக்கத்து மேசை சகாதேவன் ஒரே ஒரு எண்ணை பிளேடால் சுரண்டி, ஆறு மாதம் சஸ்பெண்ட் ஆனதை நேரில் பார்த்தவர். அன்றிலிருந்து வீட்டுக் காலண்டரில்கூட அவர் எதையும் அடித்து எழுதியதில்லை.

மகள் கவிநிலா விரும்பிக் கட்டிக்கொண்ட அறிவுச்செல்வனோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தார். போன மாதம்தான் பேச்சு வந்தது. வந்த சூட்டோடு மாப்பிள்ளை, "நான் பெங்களூர்ல இருக்கற வரைக்கும் வண்டிய நீங்களே வெச்சிக்குங்க மாமா" என்று கார் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சர்வீஸ் முடிந்து வந்த பிறகும் மீட்டரில் ஆரஞ்சு நிற ஸ்பானர் படம் எரிந்துகொண்டே இருந்தது. மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

"ஆயில்லாம் மாத்தியாச்சு சார், லைட்ட அணைக்க மறந்துட்டேன். இன்னிக்கு பௌர்ணமி, கிரிவலத்துக்காக ரோடெல்லாம் அடைச்சிட்டானுங்க, என்னால வர முடியாது. நீங்களே பண்ணிடலாம். மீட்டர் பக்கத்துல குமிழ் இருக்குல்ல, அத அமுக்கிக்கினே சாவியப் போடுங்க. ஸ்பானர் அணையற வரைக்கும் கைய எடுக்காதீங்க."

கோதண்டராமன் முறைப்படி நடப்பவர். முதலில் சாவி, அப்புறம்தான் மற்றது. சாவியைத் திருப்பிவிட்டுக் குமிழை அமுக்கினார். 48,212 என்றிருந்த கிலோமீட்டர் மறைந்து வேறு ஏதோ எண் வந்தது. பதறிப்போய் இன்னும் அழுத்திப் பிடித்தார். 0.0 ஆனது. ஸ்பானர் மட்டும் ஜம்மென்று எரிந்தது.

வீட்டுக்குள்ளே ஓடினார்.

"ஏங்க, மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துப் போச்சு?" என்றாள் மனைவி ராணியம்மாள்.

"மீட்டர திருத்திட்டேன் ராணி."

"ரிப்பேரா இருந்துச்சா?"

"அய்யோ, மொத்த கிலோமீட்டரும் பூட்ச்சிடி! மாப்ள வண்டி! போலீஸ் கேசு ஆவும்!"

"ரெண்டு வருஷம் அவர்கிட்ட பேசாம இருந்தப்போ வராத பயம் இப்ப வருதாக்கும்?"

அதுதான் உண்மை. போலீஸ் வந்தால்கூடத் தாங்கிக்கொள்வார். 'இந்த மனுசன நம்பிக் குடுத்தேன் பாரு' என்று மாப்பிள்ளை ஒரு பார்வை பார்த்துவிட்டால்? மறுபடியும் இரண்டு வருடமா? ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

சாயங்காலம், கிரிவலக் கூட்டத்தால் பெங்களூர் பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிட, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தார் அறிவுச்செல்வன். செருப்பைக் கழற்றுவதற்குள் மாமனார் தாளை நீட்டினார். *பொருள்: தங்கள் வாகனத்தின் கிலோமீட்டர் என் கவனக்குறைவால் அழிந்தது குறித்து விளக்கம் அளித்தல்.* கீழே கையெழுத்து, தேதி.

மாப்பிள்ளை முழுவதையும் படித்தார். உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பி, குமிழை லேசாக ஒரு தட்டு தட்டினார். 48,212 வந்து நின்றது.

"நீங்க அழிச்சது ட்ரிப் மீட்டர் மாமா, ஒரு பயணத்துக்கு எவ்ளோ ஓடுச்சுன்னு பாக்கறது. அத நான் வாராவாரம் அழிப்பேன்."

வண்டியை அணைத்து, குமிழை அமுக்கியபடியே சாவியை மறுபடி திருப்பினார். ஸ்பானர் சிமிட்டிவிட்டு அணைந்தது. கோதண்டராமன் மட்டும் காரை விட்டு நகரவில்லை.

"அந்த லெட்டருக்கு... பதில் ஒண்ணும் சொல்லலியே மாப்ள."

"இன்னா மாமா எழுதணும்?"

"விளக்கம் ஏற்கப்பட்டதுன்னு எழுதணும்."

அறிவுச்செல்வன் பேனா கேட்டு வாங்கினார். கார் பானட்டின் மேல் தாளை வைத்து, அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.