தங்கம் பை கட்டி வைத்திருந்தாள்

அன்று அங்கே இருந்தவர்கள்: நான், என் மகன் செல்வம், என் மகள் தங்கம், விடுதி டீச்சர், படம் எடுத்த தம்பி, தங்கத்தோடு தங்கியிருக்கும் இருபத்திரண்டு பேர்.

தங்கத்துக்கு நாற்பத்தொரு வயது. பிறந்ததிலிருந்தே நடக்கமாட்டாள், பேச்சும் குழறும். நான்கு வருடத்துக்கு முன் செல்வத்தின் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. "அத்தை இப்பிடின்னு தெரிஞ்சா சம்பந்தம் நிக்காதும்மா. பத்து நாளைக்குத்தான்" என்று சொல்லி அவளைத் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதியில் விட்டான். பேத்திக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது. தங்கம் இன்னும் அங்கேதான்.

அந்த விடுதியில் இருப்பவர்களைப் பற்றி ஒரு படம் எடுத்திருந்தார்கள். போன ஞாயிறு அங்கேயே போட்டுக் காட்டினார்கள். அதற்குத்தான் போனோம்.

பாலவனத்தத்தில் காலை எட்டேகாலுக்கு பஸ். அருப்புக்கோட்டையில் இருபது நிமிடம் நின்று திருச்சுழி பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, செல்வம் மட்டும் எடுத்தான். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். வழியெல்லாம் கருவேலம். தண்ணீர் கொண்டுபோங்கள்.

"அந்த ஆசுபத்திரிக்காம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆசுபத்திரின்னா சரியாகி வீட்டுக்கு வருவாகய்யா. இது விடுதி."

படத்தில் தங்கமாக ஒரு நடிகை. நல்ல கால் அவளுக்கு. உடுத்தியிருந்தது தங்கத்தின் பச்சைச் சேலை. உனக்கு என்ன வேண்டும் என்று அந்தத் தம்பி தங்கத்திடம் கேட்டிருக்கிறார். அவள் சொன்னதையே முடிவாக வைத்துவிட்டார். அண்ணன் வந்து தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். எல்லோரும் கைதட்டினார்கள். செல்வம் துண்டால் கண்ணைத் துடைத்தான்.

தங்கம் தட்டவில்லை. மடியில் ஒரு பை வைத்திருந்தாள். இரண்டு சேலை, சீப்பு, போன தடவை நான் கொடுத்த சேவுப் பொட்டலம். கதையை முதல்நாளே டீச்சர் சொல்லியிருக்கிறார். அண்ணன் வருவான் என்றதும் கட்டிவிட்டாள்.

"போவமாண்ணே?"

"அது சினிமா, தங்கம்."

"நீ அழுதியே."

செல்வம் என் பக்கம் திரும்பினான். "நாலு பத்து பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறரைக்குத்தாம்மா."

நாலு பத்துக்கே ஏறிவிட்டோம். வீடு அவன் பேரில் இருக்கிறது. எனக்கு அவளைத் தூக்கத் தெம்பில்லை. பையைப் பிரித்துச் சேலைகளை அலமாரியில் வைத்தது நான்தான்.

இப்படி யாரையாவது பார்க்கப் போகிறவர்களுக்கு: ஞாயிறு பத்திலிருந்து நாலு வரை விடுவார்கள். தேங்காய் எண்ணெயும் பழைய நூல் சேலையும் கொண்டுபோங்கள். அடுத்து வரும் தேதியை மட்டும் சொல்லாதீர்கள். எண்ணிக்கொண்டே இருப்பார்கள்.

சேலையை உடுத்திய நடிகை மேல் எனக்குக் கோபமில்லை. பெண் பார்க்க வந்தவர்களையும் விட்டுவிட்டேன், அவர்கள் தங்கத்தைப் பார்க்கவேயில்லை. ஒருவனை மட்டும் மன்னிக்கமாட்டேன். எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன். செல்வம்.