சலங்கை அறுந்ததும் காத்திருந்த பாட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, ஜின் எதிலும் நம்பிக்கை கிடையாது. குன்னூர் கடைவீதியில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், டேப் ரிக்கார்டர் ரிப்பேர் பார்க்கிறவன் நான். ரேடியோ தானாகப் பேசுகிறது என்று முகம் வெளிறிக் கொண்டுவருவார்கள். திறந்தால் உள்ளே கரப்பான் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

என் கடைக்கு மேல்மாடியில் வசந்தா டீச்சர் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறார். முன்பெல்லாம் வகுப்புக்குப் பாடியவர் அவருடைய அக்கா. அந்த அம்மாள் காலமாகிவிட்டார், அவர் பாடிய ஒரு கேசட் மட்டும் இருக்கிறது. மோகன ராகம், ஆதி தாளம், ஐந்து கட்டை சுருதி. மாடியிலிருந்து காதில் விழுந்தே எனக்கு எல்லாம் மனப்பாடம். துள்ளலான பாட்டு, விடாத மழையிலும் கேட்டால் மனசு லேசாகிவிடும். அதில் கண்ணனை விளையாடக் கூப்பிடும் வரி ஒன்று உண்டு, சரியாக இரண்டு முறை வரும்.

ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அந்தப் பாட்டுக்கு ஆட வேண்டியவள் ஜவுளிக்கடை பழனிசாமியின் மகள் நந்தினி. முந்தின வருஷம் நடுப்பாட்டில் அடவு மறந்துபோய் அழுதுகொண்டே மேடையை விட்டு ஓடிய பெண். "இந்தத் தடவையும் நின்னுட்டேன்னா இனி சலங்கையத் தொடவே மாட்டேனுங்க டீச்சர்" என்று அவள் மாடிப்படியில் சொன்னது என் காதில் விழுந்தது. நல்லா ஆடுகிற பிள்ளை, எனக்கே பாவமாக இருந்தது. அவள் அப்பா அதற்கு மேல் பயந்துபோய் என் கடையில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க பாய், பாட்டு மட்டும் எங்கயும் நிக்காமப் பாத்துக்குங்க. புள்ளை ஊட்டுல சரியாச் சாப்புடறதுகூட இல்லீங்க."

நான் பொறுப்பாகக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெண்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். டீச்சர் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுல எங்க அக்கா இல்லீங்க பாய். கேசட்டையே போட்டுருங்க." படித்தவர்கள் இப்படித்தான் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே என் பழைய கேசட் டெக்கைத் தூக்கிக்கொண்டு விழாவுக்குப் போனேன். அதில் பாட்டுப் போட மட்டும்தான் முடியும், பதிவு செய்யும் பாகத்தை நானே எப்போதோ கழற்றி வேறொன்றுக்குப் போட்டுவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விழா நடந்தது நட்டநடுப் பகலில். அரங்கக் கதவு வழியாக மூடுபனி மட்டும் டிக்கெட் வாங்காத ஆள் மாதிரி உள்ளே வந்துகொண்டிருந்தது. டீச்சர் முதலில் ஒரு சுலோகம் பாடிவிட்டு, சுருதிப் பெட்டியை நிறுத்த மறந்து மேடையோரம் உட்கார்ந்துவிட்டார். அது ஐந்து கட்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கேசட்டை ஓடவிட்டேன். நந்தினி பிரமாதமாக ஆடினாள். நிம்மதியாகி ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணனைக் கூப்பிடும் வரி வந்தது. இரண்டாவது முறை பாடும்போது நந்தினியின் வலது கால் சலங்கை அறுந்துவிட்டது. மணிகள் பலகையில் தடதடவென்று உருண்டன. அவள் அப்படியே நின்றாள். முகம் கோணியது. அழப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது அந்த அம்மாள் மூன்றாவது முறையாக அதே வரியைப் பாடினார்.

என் இரண்டு கையிலும் சாமான். டெக்கில் சக்கரங்கள் வழக்கம்போல முன்னோக்கித்தான் சுற்றின. நந்தினி சட்டென்று மண்டியிட்டு, மிச்சமிருந்த கயிற்றை முடிச்சுப்போட ஆரம்பித்தாள். பாட்டு நான்காவது முறையும் அந்த வரிக்கே வந்தது, இந்தத் தடவை வேகம் குறைந்து, கொஞ்சிக்கொண்டு. கேசட்டில் வேகம் குறைந்தால் சுருதியும் கூடவே இறங்கியாக வேண்டும், குரல் கனத்துவிடும். இது இறங்கவில்லை. சுருதிப் பெட்டியோடு இழை பிசகாமல் நின்றது. என் தொழிலில் இது நடக்கவே முடியாத காரியம்.

முடிச்சு விழுந்தது. அவள் எழுந்தாள். பாட்டு பழைய வேகத்தைப் பிடித்து அடுத்த வரிக்குத் தாவியது. கண்ணன் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும் இடம், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஆடினாள். அரங்கம் முழுக்கக் கைதட்டல். வர்க்கி டீயில் விழுந்து ஊறிப்போயிருந்தது.

பழனிசாமி கண்ணீரோடு வந்து டீச்சருக்கு வாங்கிவைத்திருந்த சால்வையை எனக்குப் போர்த்திவிட்டார். "சரியான நேரத்துல கேசட்டைப் பின்னாடி ஓட்டி உட்டீங்களே பாய்." நான் தொடவே இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் போர்த்தினார்.

டீச்சர் மட்டும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. டெக்கிலிருந்து கேசட்டை எடுத்து முந்தானையால் துடைத்தபடி, "அக்கா எப்பவுமே இப்படித்தானுங்க. புள்ளைக எந்திரிச்சு நிக்கற வரைக்கும் அடுத்த வரிக்குப் போகவே மாட்டா" என்றார்.

நந்தினி இன்றும் ஆடுகிறாள், மாடியில் சாயங்காலமானால் என் கூரை அதிர்கிறது. சந்தோஷம்தான். சால்வையும் கடையில்தான் தொங்குகிறது.

ஆனால் மறுநாள் கேசட்டை வாங்கிவந்து கடையில் போட்டுப் பார்த்தேன். வரி இரண்டே முறைதான் வந்தது. அப்பாடா என்றிருந்தபோது, இரண்டாவது முறைக்கு அடியில், பலகையில் மணிகள் உருளும் சத்தம் கேட்டது. முன்பே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தேனே, அதில் அது கிடையாது. கேசட்டில் இன்றைக்கும் இருக்கிறது, வந்து கேளுங்கள். மணிகள் உருண்டு அடங்கியதும் இன்னொரு சத்தமும் வரும். யாரோ அவசரமே இல்லாமல் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.