பர்சனல் ரீசன்ஸ் என்றொரு பேய்

வீட்டை விற்பதற்கு முன், அதில் நாம் வாழ்ந்ததற்கான தடயமே இருக்கக் கூடாது என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். டை கட்டிய ஒருவர் டேப்லெட்டைத் தட்டித் தட்டிச் சொன்னால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

கல்மண்டபம் பக்கம், இரண்டாவது மாடியில் எங்கள் ஃபிளாட். லிஃப்ட் கிடையாது. என் மனைவி ரெஜினாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. இனிமேல் படியே ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் இறங்குவாள். திரும்பும்போது மாடி வளைவில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க முன்னாடி போய் காபி போடுங்க" என்பாள். அந்தக் காபி ஆறிப் போய், நான் அடுத்த காபி போடும்போது வந்து சேர்வாள்.

திருவொற்றியூரில் அவள் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தரைத்தள வீடு பார்த்து வைத்திருந்தோம். இதை விற்றால்தான் அது. அந்த ஓனரும் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்... எவ்வளவு நாள் காத்திருப்பார்?

எங்கள் தெருவிலேயே ஒரு புரோக்கர் உண்டு. தாஸ். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆனால் அவனிடம் சொன்னால், டீ ஆறுவதற்குள் ராயபுரம் முழுக்கத் தெரிந்துவிடும். எனக்கோ ரகசியம் வேண்டியிருந்தது. ஊருக்கே தெரியாமல் வீட்டை யாரிடம் விற்பது? இந்தக் கேள்வி அப்போது எனக்கு வரவில்லை.

ஆகவே, தென்சென்னையிலிருந்து ஒரு ரியல் எஸ்டேட் டை வந்தது.

"சார், வாங்க வர்றவங்க அவங்க லைஃபை இமேஜின் பண்ணணும். உங்க லைஃப் குறுக்க நிக்கக் கூடாது. ஃபோட்டோ, காலண்டர், சாமி படம் எல்லாம் எடுத்துடுங்க. ஏன் விக்கிறீங்கன்னு கேட்டா, பர்சனல் ரீசன்ஸ்னு சொல்லி ஸ்மைல் பண்ணுங்க. முட்டி, படி... அந்த டாபிக்கே வேணாம்."

எடுத்தேன். கல்யாண ஃபோட்டோ, பையனின் பட்டமளிப்பு ஃபோட்டோ, ஹாலில் இருந்த மாதா படம் — எல்லாம் கட்டிலுக்கு அடியில். சுவருக்கெல்லாம் ஆஸ்பத்திரி வெள்ளை. ரெஜினா சுற்றிலும் பார்த்தாள்.

"டோக்கன் எங்க குடுப்பாங்க?"

நான் கண்ணாடி முன் நின்று ஸ்மைல் பழகிக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தவர் மல்லிகா. காசிமேட்டில் சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கும் குடும்பம். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அவனுக்குத்தான் வீடு. அறை அறையாகப் பார்த்தார். ஹாலுக்குத் திரும்பி வந்து நின்றார்.

"இன்னாண்ணா, ஒரு சாமி படம்கூட இல்ல? ஆணி மட்டும் கீது."

"எடுத்து வெச்சிருக்கோம்மா."

"இன்னாத்துக்கு எடுத்தீங்க? எங்க சாமியோ உங்க சாமியோ... எதுனா ஒண்ணு இருக்கணும்ல?" குரலைத் தாழ்த்தினார். "ஏன் விக்கிறீங்க?"

"பர்சனல் ரீசன்ஸ்" என்றேன். பழகிய ஸ்மைலையும் சேர்த்துக் கொடுத்தேன்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். கீழே போய்த்தான் மாட்டிக்கொண்டார்.

அன்று மாலையே தாஸ் ஃபோன் செய்தான். "இன்னா மாமு, வூட்ல ஆவி கீதாமே?"

அடுத்த சில நாட்கள் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தே தேய்ந்தேன். டைக்கு ஃபோன் போட்டால், "மீட்டிங்ல இருக்கேன் சார்." வருவதாகச் சொன்ன இரண்டு பார்ட்டிகள் வரவில்லை. திருவொற்றியூர் ஓனர் வேறு, "இன்னா சார், முடிவு பண்ட்டீங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். நானே ஒருமுறை அந்த ஆணியைச் சந்தேகமாகப் பார்த்தேன் என்றால் என் நிலைமை புரியும்.

காலிச் சுவரைப் பார்த்து யாரும் தன் வாழ்க்கையைக் கற்பனை செய்வதில்லை. நம் வாழ்க்கையைத்தான் கற்பனை செய்கிறார்கள் — எவ்வளவு மோசமாக முடியுமோ அவ்வளவு மோசமாக.

வேறு வழியில்லாமல் தாஸ் காலில் விழுந்தேன்.

"மூலக்கொத்தளத்துல சுடுகாட்டுக்கு எதிர்லயே வூடு வித்துக் குடுத்தவன் நானு" என்றான். "அங்க பேய் எங்க கீதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால பயமில்ல. உன் வூட்ல எங்க கீதுன்னு தெரியல பாரு... அதான் பேஜாரு."

படங்களையெல்லாம் மறுபடி மாட்டச் சொன்னான். மல்லிகாவைத் தானே கூட்டிவருவதாகவும் சொன்னான். கூடவே ஒரு எச்சரிக்கை. "முட்டி மேட்டரை மட்டும் எடுக்காத. இந்த வூட்டுக்கு வந்துதான் கால் போச்சின்னுவாங்க. ஜுரம்கூட வந்ததில்லன்னு சொல்லு."

ஆக, டை கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே கொள்கை.

மல்லிகா வந்தார். ரெஜினா சமையலறையில் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள். மல்லிகா மாதா படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உட்கார்ந்தார். மறுபடியும் அதே கேள்வி.

"ஏன் விக்கிறீங்க?"

தாஸ் இருமினான். நான் ஸ்மைல் செய்தேன்.

ரெஜினா கரண்டியோடு தாங்கித் தாங்கி வெளியே வந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, புடவையை லேசாகத் தூக்கி, வீங்கிய முட்டியைக் காட்டினாள். "இதுக்குத்தாம்மா. படி ஏற முடியல."

மல்லிகா குனிந்து முட்டியை அழுத்திப் பார்த்தார். "அய்ய... எங்க மாமியாருக்கும் இப்டித்தான். இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நான் இன்னான்னாவோ நெனச்சிகினு ரெண்டு நாளு தூங்கல."

"அப்போ படி உங்களுக்குப் பரவால்லியா?" என்று இழுத்தேன்.

"எம் புள்ள ஆடுற போட்ல ஏறி எறங்குறவன். இது ஒரு படியா?"

அதற்குப் பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எந்தத் தைலம், எந்த ஊசி என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. நானும் தாஸும் வஞ்சிரம் கருகாமல் பார்த்துக்கொண்டோம்.

போன மாதம் பத்திரம் பதிவானது. வீட்டை விற்றது ரெஜினாவின் முட்டி. கமிஷன் வாங்கியது தாஸ்.