சுசீலா சிஸ்டரின் சுட்டுவிரல்

தீவுத் தலைநகரின் டாலிகஞ்சிலிருந்து பேருந்து புறப்படுவதற்குள் சுசீலா சிஸ்டர் சுற்றி நிற்பவர்களின் நரம்புகளையெல்லாம் பார்த்து முடித்துவிடுவார். கம்பியைப் பிடித்துத் தொங்கும் கைகள் அவருக்கு முகங்களைவிடப் பழக்கமானவை. மூட்டை தூக்குகிறவரின் முன்கையில் நரம்பு கயிறுபோல் புடைத்திருந்தால் மனத்துக்குள் ஒரு சபாஷ். வளையல் இறுகிய சதைப்பற்றான கையைக் கண்டால் ஒரு பெருமூச்சு. குழந்தைகள் வார்டில் ஊசி ஏற்றியே தலைநரைத்தவருக்கு வேறு வேடிக்கை தெரியாது. "பெரியவங்க நரம்பு கண்ணுக்குத் தெரியும். பிஞ்சுக் கையில விரலுக்குத்தான் தெரியும்" என்பார்.

அன்று அந்த விரலில் கட்டு இருந்தது.

"சிஸ்டர்ஜி, ஹாத் கோ க்யா ஹுவா?" என்று கையைக் காட்டிக் கேட்டார் நடத்துநர்.

"குச் நஹி பையா, கப்பல்ல மாட்டிக்கிச்சு. நீங்க டிக்கெட்டக் குடுங்க."

கப்பலில் மாட்டியது உண்மைதான். தெற்குத் தீவொன்றிலிருந்து கப்பலில் வந்த நோயாளியைச் சென்ற மாதம் ஆம்புலன்ஸ் பணிக்குப் போய்த் துறைமுகத்தில் இறக்கியபோது, அலையில் ஏணி ஆடியது. ஸ்ட்ரெச்சரின் இரும்புப் பிடிக்கும் ஏணிக் கம்பிக்கும் நடுவே அவருடைய வலக்கை விரல்கள் இரண்டு அகப்பட்டுக்கொண்டன. நோயாளி குணமாகி ஊர் திரும்பிவிட்டார். நடுவிரலும் ஒருவாறு தேறிவிட்டது. சுட்டுவிரலின் நுனிதான் மரத்துக் கிடந்தது.

அதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. வீக்கம் வடிந்ததும் வரச் சொன்ன எலும்பு மருத்துவரின் அறைப் பக்கம் தலைகாட்டவில்லை. தையலை வீட்டிலேயே தாமே பிரித்துக்கொண்டார். விரலில் உணர்ச்சி இல்லையென்று மருத்துவர் எழுதிவிட்டால் வார்டு கைநழுவிவிடும். ஓய்வு பெறும்வரை ஸ்டோர் அறையில் பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே உட்கார வேண்டியதுதான். விடுப்போ ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்களன்று ஏதேனும் ஒரு குழந்தை கையை நீட்டும்.

ஆகவே கட்டுக்கு வெளியே தெரிந்த நுனியை எதிலாவது உரசிக்கொண்டே இருந்தார்: பயணச்சீட்டின் ஓரத்தில், சன்னல் தகரத்தில், புடவைக் கரையின் சரிகையில்.

அன்று செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஆமினாவுக்குப் பட்டமளிப்பு. ஆமினா பத்துபஸ்திக் குடியிருப்பைச் சேர்ந்தவர். சுசீலாவின் வார்டில் பல்லாண்டு ஆயாவாக இருந்தவர். நாற்பதைக் கடந்தபின், மகள் வயதுப் பெண்களோடு உட்கார்ந்து படித்துச் செவிலியராகத் தேறியிருக்கிறார். பெயர் அழைத்ததும், பட்டம் பெறுபவர் தம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிஸ்டரை மேடைக்கு அழைத்துவந்து, அவர் கையால் பித்தளைப் பேட்ஜைக் குத்திக்கொள்வது அந்தப் பள்ளியின் வழக்கம். "நீங்க வரலேன்னா நான் மேடையே ஏற மாட்டேன்க்கா, கசம்!" என்று ஆமினா சத்தியமே செய்திருந்தார்.

மண்டபத்தில் சுசீலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய் ஒரு மாணவியின் தொப்பியைச் சரிசெய்தார். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். சிறப்பு விருந்தினரின் காகிதங்கள் பறந்ததும் குறைத்தார். தேநீர் வந்தது. சுட்டுவிரலைத் தம்ளர்மேல் அழுத்தினார். சுட்டதுபோல் இருந்தது. சுட்டது சுட்டுவிரலா, அதை ஒட்டியிருந்த நடுவிரலா என்பது தெரியவில்லை. மறுபடியும் எழுந்தார்.

"உக்காருங்க சிஸ்டர், குர்சி ஒண்ணும் கடிக்காது!" என்று பக்கத்து நாற்காலிப் பெண்மணி சிரித்தார்.

"ஆமினா!" என்று மேடையில் அழைத்தார்கள். சுசீலா அவசரமாகக் கட்டை அவிழ்த்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு ஏறினார். வெள்ளைச் சீருடையில், வெள்ளைத் தலைத்துணியில் ஆமினா புதியவராய் நின்றார். இடக்கையால் துணியைக் கூட்டிப் பிடித்து, வலக்கையால் ஊசியை நுழைத்து, முனையைக் கொண்டியில் மாட்டினார் சுசீலா. கைதட்டல் எழுந்தது. முதல் முயற்சியிலேயே மாட்டிவிட்ட மகிழ்ச்சியில் அவர் முகம் மலர்ந்தது.

ஆமினாவின் முகம் மலரவில்லை. பேட்ஜுக்குக் கீழே வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புப் புள்ளி விரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, ஊசி உங்க விரல்ல ஏறிருச்சு."

"எங்க?"

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ஆமினா அந்த விரலைத் தம் கைக்குள் மூடி அழுத்தியபடி, புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கையை விடாமலேயே மேடைக்குப் பின்புறம் இழுத்துச் சென்றார்.

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கு அடிபட்டதுலேர்ந்து."

"டாக்டர்கிட்ட காட்டலியா? அரே, ஒரு பேஷண்ட் இப்படி மறைச்சிருந்தா வார்டே அதிர்ற மாதிரி கத்தியிருப்பீங்களே!"

"சொன்னா ஸ்டோர்ல தள்ளிருவாங்கடி. சொல்லலேன்னா, திங்கக்கிழமை ஒரு குழந்தையக் குத்திக் குத்தித் தேடப்போறேன்."

"அதனாலதான் நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். நானும் வர்றேன்." ஆமினாவின் பார்வை சுசீலாவின் மற்றக் கைக்குப் போனது. "இடது கை சும்மாத்தானே இருக்கு?"

"பாகல், பைத்தியமே! இத்தனை வருஷமா ட்ரே பிடிச்ச கை அது. அதுக்கு என்ன தெரியும்?"

"எனக்குக்கூடத்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணும் தெரியாது. படிக்கலியா?"

"ஆமினா! க்ரூப் போட்டோ!" என்று மேடையிலிருந்து குரல் வந்தது.

"ஏக் மினிட்!" என்று கத்திய ஆமினா, தம் சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றினார். கைக்குட்டையை மேற்கையில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இறுக்கினார். சதைப்பற்றான கை, கண்ணுக்கு நரம்பு ஒன்றும் தெரியவில்லை. அதைச் சுசீலாவின்முன் நீட்டினார்.

சுசீலா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு இடக்கைச் சுட்டுவிரலை முழங்கை மடிப்பில் வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். அகப்படவில்லை. விரலை எடுக்காமல், ஒரு நெல்லளவு மேலே நகர்த்தினார்.