தண்ணீர் ஊற்றிய தூக்குவாளி

சுட்ட கத்தரிக்காய் வாசனை... யாருக்கும் பசியைக் கிளப்பும். எனக்குப் பயத்தைக் கிளப்பியது.

ரெண்டாயிரத்து நாலு, அஞ்சு வாக்கில் நாரணாபுரத்தில் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக் கொடுக்கும் பட்டறை வைத்திருந்தேன். கைக்காசு அத்தனையும் பேப்பர் ரோலாக அடுக்கிக் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வெடிக் கம்பெனி ஷெட். என் வேலிக்குள் தீப்பெட்டி நுழையாது. டீ கூட ரோட்டுக் கடையிலிருந்துதான் வரும்.

அங்கே மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தீயில் வாட்டிய வாசனை வந்தால்?

முதல் நாள், யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். மறுநாளும் அதே நேரம், அதே வாசனை. மூன்றாம் நாள் பட்டறையைச் சுற்றிச் சாம்பல் தேடினேன். இல்லை. மோந்துகொண்டே போய், வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்திருந்த சீனியம்மாள் முன்னால் நின்றேன்.

வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான். அதற்கு முன் அவள் இருந்தது, என் ஆர்டரைப் பறிக்கப் பார்த்துக்கொண்டிருந்த ஆளின் பட்டறை. சந்தேகப்பட இது போதாதா?

தூக்குவாளியைத் தொட்டேன். சூடு.

"என்னது இது?"

"கத்தரிக்கா, தக்காளி, வெங்காயம் சுட்டது அண்ணாச்சி. மல்லி, பொதினா வச்சு அரச்ச தொவையலு. ஒரு வாய் சாப்புடுறீகளா?"

"எங்கன வச்சுச் சுட்ட?"

"எங்க வீட்டுக்காரரு கரிமூட்டத்துல. காலைல."

காலையில் சுட்டது மத்தியானம் வரை சுடுமா? காயின் மேல் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அணையாத கங்காக இருந்தால்?

பக்கத்திலிருந்த செம்புத் தண்ணீரை அப்படியே வாளிக்குள் கவிழ்த்தேன். பச்சைத் துவையல் கலங்கி, காய்கள் மிதந்தன. சுற்றியிருந்த பெண்கள் கையில் சோற்றோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீனியம்மாள் மூடியைப் போட்டாள்.

"கங்க மடியில கட்டிட்டு வர நான் என்ன கிறுக்கியா அண்ணாச்சி? நானும் இங்கனதான உக்காந்திருக்கேன்."

"நாளையிலருந்து வராத" என்றேன்.

மறுநாள் காலை டிவிஎஸ் ஃபிப்டியில் அந்தக் கரிமூட்டத்தைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை... பொய்யைப் பிடிக்க.

கரியாக்குவதற்காகச் சீமைக்கருவேல விறகை மண் போட்டு மூடிய மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்துச் சுடுசாம்பலிலிருந்து அவள் புருஷன் குருசாமி கம்பியால் கத்தரிக்காயைத் தள்ளி எடுத்தார். தண்ணீர் தெளித்தார். இலையில் சுருட்டி, எனக்குக் காட்டவென்றே வாளியில் வைத்து, பழைய சேலையை நாலு மடிப்பாகச் சுற்றினார். சீனியம்மாள் கல்லில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"நெருப்ப அவிச்சிட்டுத்தேன் குடுத்து விடுவேன் அண்ணாச்சி. பிரிச்சுப் பாருங்க" என்றார் குருசாமி.

பிரித்தேன். ஒவ்வொரு மடிப்பாக. கங்கு இல்லை.

ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார். புளியும் பச்சை மிளகாயும் நாக்கில் ஏற, கருகிய தோலின் வாசம்... அதைத் தின்னும்போதும், நம்மைக் குளிர வைக்கப் பார்க்கிறார்களோ என்று ஒரு நினைப்பு ஓடியது. என்ன செய்ய, வியாபாரியின் மூளை அப்படி.

"வேலைக்கு வந்துரு" என்று மட்டும் சொன்னேன்.

வந்தாள். ஆனால் அன்று முதல் தினமும் பன்னிரண்டரைக்கு என் மேஜை முன்னால் வந்து வாளியைத் திறந்து காட்டுவாள்.

"அண்ணாச்சி, தண்ணி ஊத்துறீகளா?"

பின்னால் பெண்கள் முந்தானைக்குள் சிரிப்பார்கள். "போ, போய்ச் சாப்புடு" என்பேன். அவ்வளவுதான். கல்யாணமான தன் மகளின் ஊருக்குக் குடிபோகும் வரை, ஒருநாள் கூட அவள் அதை விடவில்லை. நானும் ஒருநாள் கூட, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

இப்போது மருமகள் ஓவனில் காய்களை வாட்டி, மேலே பச்சையாக ஒரு சாஸ் ஊற்றித் தருகிறாள். அதே மல்லி, அதே புதினா. ருசிதான்... கரிவாசம் மட்டும் இல்லை.

"எதுக்கு மாமா மோந்து மோந்து பாக்குறீங்க? இப்பத்தான் செஞ்சது."

தட்டுக்குப் பக்கத்திலிருக்கும் தண்ணீர் டம்ளரைத் தூரத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறேன்.