கழுதைக்குப் போட்ட சாய்வுப் பலகை

எல்லரி நகரத்துச் சதுக்கத்தைச் சுற்றி நிற்கிற எந்தப் பழைய கட்டடத்தின் முகப்பில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் பழைய கட்டடங்களைக் காக்கிற கமிட்டியிடம் அனுமதி கேட்க வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவள் வெர்னா ஸ்டக்கி. அவள் வக்கீலும் இல்லை, மேயரும் இல்லை. தபால் நிலையத்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்டாம்பு விற்றே காலத்தைக் கழித்தவள்.

எல்லாம் ஓர் ஆத்திரத்தில் ஆரம்பித்தது. மகள் ஜோலீன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு நாள் காலையில் வெர்னா வேலைக்குப் போகும்போது பழைய ரயில் நிலையம் நின்றுகொண்டிருந்தது. சாயங்காலம் திரும்பும்போது அங்கே செங்கல் குவியல் கிடந்தது. அவளுடைய அப்பா போருக்கு ரயில் ஏறியதும், உயிரோடு வந்து இறங்கியதும் அந்த நிலையத்தில்தான். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

"கேக்க ஆளில்லேன்னா நாளைக்கு கோர்ட்டையும் இடிச்சு கார் நிறுத்துவாங்க" என்று வீடு வீடாகப் போனாள். அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். மணிக்கூண்டு வைத்த கோர்ட்டு, நூலகம், தபால் நிலையம், மூன்று தேவாலயங்கள், நடுவில் இருக்கிற கடைகள், எல்லாவற்றுக்கும் சட்டம் வந்தது. முகப்பில் புதிதாகப் படி, கைப்பிடி, சரிவு, பலகை எதுவும் கூடாது. தேவாலயங்கள் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போடுகிற பலகைகளுக்கு மட்டும் விலக்கு.

அந்த விலக்கையும் வெர்னாதான் கேட்டு வாங்கினாள். அவர்களுடைய புனித லூக்கா தேவாலயத்தில் டிசம்பர் வந்தால் கல்படிகளின் மேல் நீளமாகச் சாய்வுப் பலகை போடுவார்கள். பண்ணைக்காரன் மெர்லுடைய கழுதை அதன் வழியாக ஏறி, மேலே வைக்கோலில் நிற்கும். பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். கழுதை இல்லாமல் ஒரு கிறிஸ்துமஸா? வெர்னா கழுதையை நினைத்தாள். மனுஷனை நினைக்கவில்லை.

சட்டம் வந்த மறு வருஷமே டெல்பர்ட் யவுண்ட் அதில் மாட்டினான். சதுக்கத்தில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவன். கடை வாசலில் உள்ளே விளக்கு எரிகிற பிளாஸ்டிக் பெயர்ப் பலகை ஒன்றை ஆசையாக மாட்டினான். வெர்னா கமிட்டியில் சொல்லி அதைக் கழற்ற வைத்தாள். அதன் பிறகு டெல்பர்ட் அவளோடு பேசுவதை நிறுத்தினான். அவள் கணவன் ஆர்விலுக்கு மட்டும் வழக்கம்போல முடி வெட்டினான். வெர்னாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான். வயதாகி வெர்னா கமிட்டியை விட்டு விலகிய பிறகு, அவன்தான் அதற்குத் தலைவன் ஆனான்.

ஆர்வில் ஸ்டக்கி கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். ஆனால் ஊருக்கு அவனைத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். புனித லூக்காவின் பெரிய ஓக் கதவருகே, படிகளின் உச்சியில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுப்பான். பனியோ மழையோ, அங்கேதான். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது பாஸ்டருக்கு முன்னால் அவனுக்குத் தெரியும்.

போன இலையுதிர் காலத்தில் சர்க்கரை நோய் அவனுடைய இடது காலை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு இதயமும் தளர்ந்தது. டாக்டர் ஆகஸ்டு வரைக்குமான மருந்தைப் பற்றிப் பேசினார். அதற்கு அப்பால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரலில் ஜோலீனுக்குக் குழந்தை பிறந்தது. வெகு வருஷம் காத்திருந்து பிறந்த பெண் குழந்தை. ஐரிஸ் என்று பெயர். ரோஜா மொட்டு மாதிரி வாய், கொட்டாவி விட்டால் முகமே காணாமல் போகும். ஆர்வில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவளை மார்பில் போட்டுக்கொண்டால் மணிக்கணக்கில் அசைய மாட்டான்.

"என் விரலைப் பிடிச்சிருக்கா பாரு. எடுத்தா முழிச்சுக்குவா. சாப்பாட்டை நீயே ஊட்டி விடு" என்பான்.

"குழந்தை அவளா, நீயா?" என்பாள் வெர்னா.

மே மாதக் கடைசி ஞாயிறு ஞானஸ்நானம் என்று முடிவானது. நான்கு தலைமுறை போட்ட வெள்ளை அங்கியைத் தோய்த்து இஸ்திரி போட்டு வைத்தாள் வெர்னா. அன்று சாயங்காலம் ஜோலீன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"அப்பா, பாஸ்டர்கிட்ட பேசிட்டேன். பின்னால சந்துப் பக்கம் அந்தக் காலத்துல நிலக்கரி இறக்கின கதவு இருக்குல்ல, அதுல படியே கிடையாது. அங்கேருந்து சமையலறை வழியா லிஃப்ட்ல..."

"மூட்டை ஏத்துற லிஃப்டா?"

"ஆள் போகலாம்பா."

"உருளைக்கிழங்கு போகும். நான் போக மாட்டேன்."

"அப்ப நாலு பேர் தூக்கிட்டுப் போகட்டும்."

"என்னை நாலு பேர் தூக்குற நாள் தனியா வரும். அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான் ஆர்வில். "இப்ப உயிரோட இருக்கேன். பேத்தியைக் கையில வச்சுக்கிட்டு அந்தப் பெரிய கதவு வழியா உள்ள போகணும். இல்லேன்னா நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டுல இருக்கேன்."

ஜோலீன் அழுதாள். வெர்னாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் அது அவன் மேல் இல்லை.

மறு வாரம் கமிட்டி கூடியபோது அவள் போனாள். நகர மன்றத்தின் அதே அறை, அதே நீள மேஜை. முன்பு அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது டெல்பர்ட் உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுங்க, மிசஸ் ஸ்டக்கி" என்றான். சின்ன வயதிலிருந்து வெர்னா என்று கூப்பிட்டவன்.

"புனித லூக்கா படியில ஒரு சாய்வு வேணும். சின்னதா, ஒரு ஓரமா இருந்தா போதும்."

"முகப்புல சரிவு கூடாதுன்னு இருக்கே. அதை யார் எழுதினாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ஓரத்தில் இருந்த ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார்.

"நான்தான் எழுதினேன். தப்பா எழுதிட்டேன். மாத்துங்க."

"என் பலகையைக் கழட்டச் சொன்னப்போ நானும் இதே இடத்துல நின்னு கெஞ்சினேன். ஒருத்தருக்கு விட்டா ஊரே கேக்கும்னு சொன்னீங்க. சரிதான்னு இப்ப தோணுது." அவன் குரலில் நக்கல் இருந்தது. பிறகு அது எங்கோ போனது. "ஆர்விலுக்குப் பின்பக்கம் வழி இருக்கு. பின்பக்கம் வழி இருந்தா முன்பக்கம் தர முடியாது. என் கையில இல்லை."

"கழுதை முன்பக்கமா போகலாம். அவன் போகக் கூடாது. அப்படித்தானே?"

கமிட்டி அடுத்த விஷயத்துக்குப் போனது.

வெளியே வந்து அவள் சதுக்கத்தைப் பார்த்தாள். மணிக்கூண்டு, நூலகத்துத் தூண்கள், மூன்று கோபுரங்கள். ஒரு கல் கூட நகரவில்லை. எல்லாம் அவள் காப்பாற்றியவை. புனித லூக்காவின் சுவரில், சட்டம் காக்கிற கட்டடம் என்று பொறித்த வெண்கலத் தகடு பளபளத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள்தான் அதைத் துடைப்பாள். ஞானஸ்நானத்துக்கு முந்தின சனிக்கிழமை அவள் துடைக்கப் போகவில்லை. மெர்லுடைய பண்ணைக்குப் போனாள்.

"குடில் பலகை எங்க வச்சிருக்க?"

"கொட்டகையில. எதுக்கு?"

"நாளைக்கு அதைப் போடணும்."

மெர்ல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "கழுதை வேணுமா?"

"வேண்டாம். இருக்கிற கழுதையே போதும். பிடிவாதத்துல உன்னோடதை விட ஒசத்தி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூறல் போட்டது. மெர்லும் இன்னும் இரண்டு பேரும் பலகையைப் படிகளின் மேல் பொருத்தினார்கள். இடுக்குகளில் பழைய வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே மெதடிஸ்ட் தேவாலயத்துக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஆர்வில் கோட்டும் டையும் போட்டு, வெள்ளை அங்கியில் ஐரிஸை மடியில் வைத்துக்கொண்டு கீழே காத்திருந்தான்.

"தள்ளினா போதும், தூக்காதே" என்றான்.

வெர்னா பின்னாலிருந்து தள்ளினாள். மெர்ல் பக்கத்தில் பிடித்துக்கொண்டான். பாதி தூரத்தில் ஈரப் பலகையில் சக்கரம் வழுக்கி, நாற்காலி சர்ரென்று பின்னால் வந்தது. ஜோலீன் அலறினாள். வெர்னா முழங்காலை முட்டுக் கொடுத்து நிறுத்தினாள்.

"இறக்கிடலாமா?" என்றான் மெர்ல்.

"மேலேதான்" என்றான் ஆர்வில். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு கையாலும் குழந்தையைப் பிடித்திருந்தான். அவளோ தூக்கத்தில் விரலை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

போய்ச் சேர்ந்தார்கள். ஓக் கதவு இரண்டு பக்கமும் திறந்திருந்தது.

பாஸ்டர் தலையில் தண்ணீர் விட்டபோது ஐரிஸ் வீல் என்று கத்தினாள். "குரல் அவ பாட்டியோடதுதான்" என்றான் ஆர்வில், எல்லாருக்கும் கேட்கும்படி.

ஆராதனை முடிந்தது. ஆர்வில் உள்ளே கேக் சாப்பிடப் போகவில்லை. நாற்காலியைப் பழைய இடத்தில், கதவருகே நிறுத்தச் சொன்னான். மூச்சு வாங்கியது. ஆனாலும் வெளியே போகிற ஒவ்வொருவருக்கும் கை நீட்டினான். வெர்னா கீழே இறங்கிப் பலகையின் அடியில் நின்றாள். கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

மெர்ல் சுத்தியலோடு வந்தான். "பிரிச்சுடவா? அவனை இறக்கினதும்?"

"வேண்டாம். அடுத்த ஞாயிறும் வருவான்."

எதிரேயிருந்து டெல்பர்ட் தெருவைக் கடந்து வந்தான். கையில் வேத புத்தகம். பலகையைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"நான் பார்த்தாச்சு. பார்த்தா கமிட்டியில சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லு."

"அபராதம் போடுவாங்க."

"போடட்டும்."

"எப்பக் கழட்டுவ, வெர்னா?"

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அவள் கவனித்தாள்.

"கிறிஸ்துமஸ் முடிஞ்சதும்."

"இது மே மாசம்."

"தெரியும்."

டெல்பர்ட் மேலே பார்த்தான். ஆர்வில் ஒரு கையில் குழந்தையோடு, மற்றக் கையை அவனைப் பார்த்து ஆட்டினான். டெல்பர்டும் தொப்பியைத் தூக்கிக் காட்டினான். டிசம்பர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அவனுக்கும் வெர்னாவுக்கும் தெரியும். அவன் வேத புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைத் திரும்பக் கடந்தான்.