மினாசேவுக்காக மேடவாக்கம் ரோட்டில் பாடிய பாட்டு

காலை எட்டு மணி, செம்பாக்கம். டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு வரவில்லை, கால்பந்து பார்க்கப் போகிறேன் என்று சொன்னதற்கு என் மனைவி எஸ்தர் முறைத்த முறைப்பை இங்கே விவரிக்கப் போவதில்லை. "பாஸ்டர் கேட்டா என்ன சொல்றது?" என்றாள். "ஜப்பான் போயிருக்காருன்னு சொல்லு" என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. நான் போனது பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவிலம்பாக்கத்துக்குத்தான். ஆனால் அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் அன்று காலை ஜப்பான் நடக்கவிருந்தது.

செம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் கூட்டு ரோடு வரை ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். அங்கிருந்து பஸ், பத்து ரூபாய். ஞாயிறு என்பதால் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. நான் புவியியல் வாத்தியார். ஜன்னல் கிடைத்தால் காசு கொடுத்ததற்கு மேலேயே எனக்குக் கிடைத்துவிடும். மெட்ரோ வேலைக்காக அடைத்து வைத்திருந்த தகரத் தடுப்புகளைத் தவிர அன்று பார்க்க ஒன்றுமில்லை. அதையும் விடாமல் பார்த்துக்கொண்டே போனேன்.

ஒன்பது மணி. கதவைத் திறந்தவர் ஒகாபே சான். நம்மூர் 'சார்' மாதிரி ஜப்பானியர்களுக்கு 'சான்'. தாம்பரத்தைத் தாண்டி உள்ள ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். சனிக்கிழமைகளில் என்னிடம் தமிழ் படிக்கிறார். நான் சொல்லிக்கொடுப்பது ஒரு தமிழ், தொழிற்சாலையில் அவர் பொறுக்கிக்கொள்வது இன்னொரு தமிழ். இரண்டையும் கலந்து மிகுந்த மரியாதையோடு பேசுவார். அன்று காவி நிறத்தில் சட்டை போட்டு, கழுத்தில் அதே நிறத்தில் ஒரு துண்டு போட்டிருந்தார். அது அவருடைய ஊர்க் கிளப்பின் நிறம்.

ஊர் பெயர் மினாசே. ஜப்பானின் மேற்குக் கரையில் ஒரு சிறிய துறைமுக ஊர். நெசவாலை மூடிவிட்டது, விரைவு ரயில் நிற்பதில்லை, பள்ளிகளை ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இருப்பது ஒரு கால்பந்துக் கிளப். அதுவும் தொழில்முறைப் பிரிவுகளில் ஆகக் கடைசியில், அதிலும் கடைசிக்குப் பக்கத்தில். அந்த இடத்தில் நீடிப்பது யார் என்று கீழ்ப் பிரிவு அணி ஒன்றோடு இரண்டு ஆட்டம்; போன வாரம் நடந்த முதல் ஆட்டம் சமனில் முடிந்திருந்தது. இன்றைய ஆட்டத்தில் தோற்றால் தொழில்முறைப் பட்டியலிலிருந்தே இறங்க வேண்டும்.

"இறங்கினா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் வார்த்தைகளைத் தேடி எடுத்துச் சொன்னார். "சார், வேற ஊர்ல எங்க ஊர் பேர் சொல்றது இதுக்கு மட்டும்தான். வாரம் ஒரு தபா. டிவியில சொல்வாங்க, மினாசே. கீழ போனா சொல்ல மாட்டாங்க."

நான் வெளியூரில் இருக்கும்போது யாராவது சொந்த ஊர் கேட்டால் சென்னை என்றுதான் சொல்வேன். சென்னையில் கேட்டால் தாம்பரம். தாம்பரத்தில் கேட்டால்தான் செம்பாக்கம். என் ஊர்ப் பெயரை இன்னொரு ஊர்க்காரன் சொல்ல வேண்டும் என்று நான் ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை.

ஒன்பதரை. ஆட்டம் தொடங்கியது. மடிக்கணினியில் மைதானம் தெரிந்தது. பெரிய மைதானம் இல்லை. ஒரு கோலுக்குப் பின்னால் இருக்கைகளே கிடையாது, புல் மேடுதான். அந்த மேடு முழுக்கக் காவி. அங்கே எங்கோ ஒகாபே சானின் மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகளும் நின்றிருந்தார்கள். முரசு அடித்தார்கள், பாடினார்கள். நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், நிறுத்தவே இல்லை. பந்து யார் காலில் இருந்தாலும் பாட்டு. எதிரணிக்காரன் கோல் அருகே வந்தாலும் பாட்டு. இங்கே என் எதிரே ஒருவர் சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டு அதே பாட்டைப் பாடுகிறார். மொசைக் தரை, மேலே மின்விசிறி, சுவரில் நாட்காட்டி, நடுவில் இவர்.

நம்மூரில் நாம் ஆட்டம் பார்க்கப் போகிறோம். நன்றாக ஆடினால் கத்துவோம், சொதப்பினால் திட்டுவோம், அதற்குத்தானே டிக்கெட். அங்கே புல்மேட்டில் நிற்பவர்கள் பாடப் போகிறார்கள். ஆடுகிறவனுக்கு ஒரு வேலை, இவர்களுக்கு ஒரு வேலை. தொண்ணூறு நிமிடம் இரண்டு பேருக்குமே ஓய்வு கிடையாது.

பத்தேகால். இடைவேளைக்குச் சற்று முன், இன்னும் கோல் எதுவும் விழாத நிலையில், படம் நின்றது. தெருவில் யாரோ எதையோ தோண்டியதில் கேபிள் அறுந்துவிட்டதாகக் காவலாளி கீழிருந்து சொன்னார். கைபேசியில் போட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒகாபே சானின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மடிக்கணினியை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"கிளம்புங்க" என்றேன். "எங்க வீட்ல நெட் இருக்கு. ரெண்டாவது பாதியில கொஞ்சமாவது பாக்கலாம்."

வாசலில் ஒரு ஆட்டோ. பம்மல்காரர், ஒரு சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். முந்நூறு கேட்டார், பேரம் பேச நேரமில்லை. காவிச் சட்டையையும் துண்டையும் ஏற இறங்கப் பார்த்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஏறு சாமி. மாலை போட்டுகினியா? எப்போ மலைக்கு?"

சபரிமலை சீசனில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒகாபே சானும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு ஏறினார். விளக்கிச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

பத்தரை, மேடவாக்கம் ரோடு. ஒகாபே சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்போ ஸ்டார்ட்" என்றார். பிறகு, முழங்காலில் தாளம் போட்டுப் பாட ஆரம்பித்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைப்பானேன். பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அதில் என் பள்ளி மாணவர்கள் யாரும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். "சார், போன்ல ஸ்கோராவது பாருங்களேன்" என்று மெல்லச் சொன்னேன், அப்படியாவது நிறுத்துவார் என்று. அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"பாடும்போது போன் வேணாம். பாக்க முடியல. பாட முடியும்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா சார் இது? நம்மாளுங்க டிவி முன்னாடி கத்துவாங்க. இவரு டிவியே இல்லாம கத்துறாரு?"

"அவர் ஊர் டீம். தோத்தா அவ்வளவுதான்."

"இன்னா பாடுறாரு?"

ஏற்கெனவே பொருள் கேட்டு வைத்திருந்தேன். "மினாசே, நாங்க இங்கேயே இருக்கோம். அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதேதான்."

வேங்கைவாசல் தாண்டும்வரை ஆட்டோக்காரர் பாட்டைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். சந்தோஷபுரம் வந்ததும் பாட்டில் 'மினாசே' வரும் இடத்தில் ஒரு முறை ஹாரன் அடித்தார். ஒகாபே சான் திடுக்கிட்டு நிமிர்ந்து, சிரித்துவிட்டு, குரலை இன்னும் ஏற்றினார். அடுத்த முறையும் சரியாக அந்த இடத்தில் ஹாரன். அதற்கு மேல் நான் மட்டும் கௌரவமாக உட்கார்ந்திருப்பது பேஜாராக இருந்தது. நானும் பாடினேன். எங்கள் திருச்சபைப் பாடகர் குழுவில் எனக்கு இடமில்லை என்று சொன்னவர்கள் சொன்னது சரிதான், இருந்தாலும் பாடினேன்.

பத்து ஐம்பத்தைந்து, மறுபடி செம்பாக்கம். படியேறி, இணைப்பைப் போட்டால், பூஜ்யத்துக்கு ஒன்று. மினாசே பின்தங்கியிருந்தது. இன்னும் இருபது நிமிடம் இருந்தது. காசு வாங்கிக்கொண்ட ஆட்டோக்காரர் போகவில்லை; தண்ணீர் கேட்டு மேலே வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். தேவாலயத்திலிருந்து வந்த எஸ்தர், கையில் வேதப் புத்தகத்தோடு, கூடத்தில் மூன்று ஆண்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு அவளும் நின்றாள். திரையைப் பார்த்தால் யாருக்கும் புரிந்திருக்கும். கடைசி கார்னர் கிக்குக்கு மினாசேயின் கோல்கீப்பரே ஓடி வந்தார். பந்து அவர் தலையில் பட்டு, கம்பத்துக்கு வெளியே போனது. விசில் ஊதினார்கள்.

ஆட்டக்காரர்கள் புல்லில் விழுந்து கிடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வரிசையாக அந்த மேட்டின் முன் வந்து நின்று, இடுப்பு வளையக் குனிந்தார்கள். நான் செருப்பு பறக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் பறக்கவில்லை. முரசு ஒரு முறை அடித்தது. மேடு முழுவதும் மறுபடியும் அதே பாட்டு. அழுதுகொண்டே பாடினார்கள். ஒகாபே சானும் துண்டை இரு கையால் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு பாடினார், குரல் பாதி காற்றாகத்தான் வந்தது.

"தோத்துட்டு கும்புடுறான், இவங்களும் பாடுறாங்க" என்றார் ஆட்டோக்காரர். "நம்மாளா இருந்தா அஞ்சு நிமிஷம் முன்னாடியே வண்டிய எடுக்கப் போயிருப்பான் சார்." அவர் என்னைச் சொல்லவில்லை. ஆனால் எந்த விழாவிலும் கூட்டத்துக்கு முன்னால் பைக்கை எடுத்துவிட வேண்டும் என்று கடைசிப் பேச்சு முடியும் முன்பே எழுந்துபோகிறவன் நான். எஸ்தர் என்னைப் பார்த்தாள்.

பதினொன்றரை. ஆட்டோக்காரர் போய்விட்டார். எஸ்தர் மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். ஒகாபே சான் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். "அடுத்த வருஷம் மேல வந்துடலாம்" என்று ஆறுதலுக்குச் சொன்னேன். அந்த நேரத்தில் யாரும் சொல்லக்கூடிய மொக்கையான ஆறுதல் அதுதான், தெரிந்தேதான் சொன்னேன்.

அப்போது அவருடைய கைபேசியில் மகள் வீடியோவில் வந்தாள். மேட்டில் கூட்டம் கலைந்து, சிலர் பை வைத்துக் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணெல்லாம் வீங்கியிருந்த அந்தப் பெண் வாயைத் திறந்தாள். கரகரவென்று காற்றுதான் வந்தது. இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், இவருக்கும் அதேதான். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பாட்டில் தொண்டை கட்டிப்போன அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் ஏதோ கேட்டாள். மெல்ல, இரண்டு முறை கேட்டாள். இவர் என் பக்கம் திரும்பி, கிசுகிசுப்பாக மொழிபெயர்த்தார். "அடுத்த வருஷம் மேட்ச் பாக்க எனக்கும் டிக்கெட் போடவா, கேக்குறா. முழு வருஷத்துக்கு."

"நீங்க இங்கதானே இருப்பீங்க?" என்றேன்.

அவர் திரையைப் பார்த்து, குரல் வராததால், நெற்றி மேசையைத் தொடும் அளவுக்குச் சரியென்று தலையை ஆட்டினார்.